பொத்தான் துரையும் கயிறு கட்டிய கோட்டும்

பினாங்குப் பட்டணத்தில் யாருடைய முகத்தையும் பார்க்காமலே எல்லாரையும் அறிந்து வைத்திருக்கும் மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் பொத்தான் துரைதான். அவருடைய பார்வை ஆண்களின் கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்புக்கு மேலே முடிந்துவிடும். "மீசை வைத்த வக்கீலைத் தெரியுமா?" என்று கேட்டால் விழிப்பார். "மேலேர்ந்து ரெண்டாவது பொத்தானை மட்டும் கறுப்பு நூல்ல தச்சிருப்பாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்பார். அவராகத்தான் இருக்கும். பெண்களிடம் பேசும்போது கண்களைத் தரைக்குத் தாழ்த்திக்கொள்வார். ஆகவே எங்களையெல்லாம் அவர் குரலால் மட்டுமே அறிவார்.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கும் ஒரு பெயர் இட்டிருப்பார்கள். அதை விசாரித்தவர் எவரும் இல்லை. தொழிற்சாலை நடத்துகிறவர் துரைதானே என்று தெருப் பிள்ளைகள் கேலியாக ஆரம்பித்தார்கள். நாளடைவில் கேலி கழன்றுபோய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. தொழிற்சாலை என்பது பினாங்கு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளம். மேலே நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்தேன். என் கணவர் ரப்பர் வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. கீழே காலை முதல் சிரட்டை அறுக்கும் ஓசை. காய்ந்த தேங்காய்ச் சிரட்டையைச் சிறு வில்லைகளாக அறுத்து, மிதிசக்கரத்தில் வைத்துத் தேய்த்து, துளையிட்டு, எண்ணெய் பூசித் துடைத்தால் கரும்பழுப்பில் ஒரு பொத்தான் வரும். அந்தப் பளபளப்பை நான் வேறெந்தப் பொத்தானிலும் கண்டதில்லை.

இத்தனை பொத்தான்களைச் செய்த மனிதரின் கோட்டில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. இடுப்பில் ஒரு சணல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார். நாங்கள் குடிவந்த புதிதில், வறுமை போலும் என்று எண்ணி இரங்கினேன். அந்தோணியம்மாள்தான் விவரம் சொன்னாள். பட்டறையில் துளையிடும் வேலை அவளுடையது. வாயும் அதே கூர்மை.

"வறுமையா? வீம்பு டீச்சர், வீம்பு. மாதாகிட்டப் பொருத்தனை பண்ணியிருக்காரு. ஒரு கூட்டம் முழுக்க, ஒருத்தர் விடாம, இவரு பொத்தானைப் போட்டு நிக்கிறதைக் கண்ணால பார்க்கணுமாம். அன்னிக்குத்தான் கயித்தை அவுப்பாராம். அதுவரைக்கும் காத்து வாங்கிக்கிட்டு நிக்கட்டும்."

"நீ துளையை ஒழுங்காப் போடு அந்தோணி, கூட்டம் தானா வரும்," என்றார் அவர், சக்கரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அந்தக் கோட்டுக்கான பொத்தான்களை அவர் முன்கூட்டியே செய்து, ஒரு தகர டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். அவர் செய்தவற்றிலேயே சிறந்தவை அவைதாம்.

அவருடைய தொழில்பக்தி பாவசங்கீர்த்தனத் தொட்டியையும் விட்டு வைக்கவில்லை. இதை அவரே பெருமையோடு எனக்குச் சொன்னார். முழந்தாளிட்டு, வலைத்தட்டியின் வழியே பிரெஞ்சுச் சாமியாரின் நீண்ட அங்கியைக் கண்டதும் தம் பாவங்கள் அத்தனையும் அவருக்கு மறந்துவிட்டனவாம்.

"சாமி, உங்க அங்கியில நடுவுல ஒரு பொத்தான் தொங்குது. இன்னும் ரெண்டு பூசைக்குத் தாங்காது."

சாமியார் புத்தகத்தில் கற்ற தமிழில் நிதானமாகச் சொன்னாராம்: "மகனே, முதலில் பாவம். பிறகு பொத்தான்."

துரை பாவங்களை விரைவாக ஒப்பித்து முடித்துவிட்டு, அபராதமாகச் சொல்ல வேண்டிய செபங்களை அங்கியைத் தைத்துக்கொண்டே சொல்லி முடித்தார். அன்றுமுதல் அந்த அங்கியின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் சிரட்டைக்கு மாறின. சாமியார் கண்டுகொண்டாரோ, கண்டும் காணாதிருந்தாரோ, நான் அறியேன்.

பிறகு ரப்பர் விலை ஏறத் தொடங்கியது.

அந்த ஆண்டுகளைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காணாதவர்களுக்கு விளக்கினாலும் நம்பமாட்டார்கள். வகுப்பில் பிள்ளைகளை எழுப்பிச் செபம் சொல்லச் சொன்னால், லண்டன் விலையைச் சொல்லிவிடுவார்களோ என்று நான் அஞ்சிய காலம் அது. காய்கறித் தோட்டங்களில் ரப்பர் கன்று நட்டார்கள். தாழ்ப்பாளும் கீலும் அடித்துக்கொண்டிருந்த கொல்லர் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்திக்கு மாறினார். சுருட்டுப் பெட்டி செய்த தச்சர் ரப்பர் பெட்டிக்கு மாறினார். ரப்பருக்குத் துணைபோன தொழில்கள் தழைத்தன. மற்றவை சத்தமில்லாமல் கதவைச் சாத்தின.

எங்கள் கீழ்த்தளத்தின் மெருகு வேலைக்காரன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"துரை, கிடங்குல கூப்பிடறாங்க. ரப்பர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்துல பார்க்கிற வேலையாம். அழுக்கு இருந்தா இந்தப் பக்கம், இல்லாட்டி அந்தப் பக்கம். அவ்வளவுதான் லா. சம்பளம் இங்க மாதிரி ரெண்டு பங்கு."

"போ ராசா. நான் குடுக்க முடியாததை ஒருத்தன் குடுக்கிறான். உன்னைத் தடுக்க எனக்கு என்ன வாய் இருக்கு?" என்றவர், அவன் சட்டையின் கைப்பொத்தானைச் சரிபார்த்துத்தான் அனுப்பினார். அவன் தெரு திரும்பிய பிறகு சக்கரத்தை வெகுநேரம் வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தார்.

அவனைத் தொடர்ந்து மற்றவர்களும் போனார்கள். அந்தோணியம்மாள் மட்டும் நின்றாள். "ரப்பர் நாத்தம் எனக்கு ஒத்துக்காது," என்று அதற்கு அவள் காரணம் சொன்னாள்.

என் கணவர் நல்லவர். ஆனால் அப்போது ரப்பரைத் தவிர வேறெதுவும் அவர் காதில் விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து திரும்பும் வழியில் துரையிடம் புத்தி சொல்லத் தொடங்கினார்.

"அண்ணே, ஊரே மரத்துல பணம் கறக்குது. நீங்க மட்டும் இன்னும் சிரட்டையைத் தேச்சுக்கிட்டு!"

"கிராணியாரே, அந்தக் கோட்டுப் பொத்தான் எங்க வாங்கினீங்க?"

"இதுவா? சீமைச் சரக்கு. கிளிஞ்சல். மலிவு அண்ணே, உங்க பொத்தானைவிட மலிவு!"

"எப்படி மலிவாச்சு?"

துரை நடுத்தெருவில் நின்றார். ஒரு ரிக்‌ஷாக்காரர் மணியடித்துத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்.

"ரப்பர் ஏத்திக்கிட்டுப் போக இத்தனை கப்பல் வருதே, வர்றப்போ காலியாவா வரும்? வயித்துல எதையாவது போட்டுக்கிட்டுத்தானே வரும்? பொத்தான், சீப்பு, பூட்டு, கண்ணாடி, எல்லாம் வருது. கப்பல் கூலி மிச்சம். இங்க உங்க கையிலயும் காசு புரளுது, சீமைப் பொத்தான் கேக்குது. என் ஆளுக்கு நான் கூட்டிக் குடுக்கணும், வாடகை ஏறிப் போச்சு, ஆனா பொத்தான் விலையை மட்டும் இறக்கணும். ரப்பர் என்னோட சண்டைக்கே வரலை கிராணியாரே. அது பாட்டுக்கு நடந்து போகுது. நான்தான் அது காலடியில கிடக்கேன்."

நான் அதற்குப் பின் பொருளாதார நூல்கள் சிலவற்றைப் பொறுமையாகப் படித்திருக்கிறேன். அவற்றில் பல பக்கங்களுக்கு நீண்ட விஷயம் இதுதான். என்ன, அந்த நூல்களில் ரிக்‌ஷாக்காரர் திட்டவில்லை.

அடுத்த அடி சிரட்டைமேலேயே விழுந்தது. ரப்பர் மரத்தில் வடியும் பாலை ஏந்துவதற்கு மரத்துக்கு ஒரு கிண்ணம் வேண்டும். தோட்டத்து மக்கள் அதை மங்கு என்பார்கள். புதுத் தோட்டங்கள் பெருகிய வேகத்தில் மங்குக்குத் தட்டுப்பாடு வந்தது. சிரட்டையே போதுமென்று யாரோ கண்டுபிடித்தார்கள். தீவின் மறுபுறத்துப் பாலிக் புலாவிலிருந்து துரைக்கு வந்துகொண்டிருந்த சிரட்டை வண்டிகள் வழியிலேயே விலைபோயின.

வேறொருவராக இருந்தால் அன்றே பட்டறையை மூடியிருப்பார். துரையோ, மலாய் மொழியில் பாக்கு மரத்தின் பெயரைத் தாங்கிய இந்தத் தீவில் கொட்டைப்பாக்குக்கா பஞ்சம் என்று கேட்டார். பாக்கு உருண்டையானது, உறுதியானது, மலிவானது. அறுத்தால் உள்ளே சலவைக்கல் போன்ற வரிகள். உண்மையாகவே அழகான பொத்தான்கள் வந்தன. இடைஞ்சல் ஒன்றே ஒன்று. உதவிக்கு வந்த பெண்கள் எல்லாரும் வெற்றிலை போடுகிறவர்கள். காலையில் கூடை நிறைந்திருக்கும், மாலையில் பாதிதான் இருக்கும்.

"அந்தோணி, மீதிப் பாக்கு எங்க?"

அந்தோணியம்மாளால் வாயைத் திறக்க முடியவில்லை. கையால் சைகை காட்டினாள்.

"செங்கல் சூளையில வேலை செய்யறவன் செங்கல்லைத் தின்கிறானா?" என்று அவர் கூவினார்.

அவள் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து அமைதியாகக் கேட்டாள்: "செங்கல்லுக்கு யாரு சுண்ணாம்பு வச்சுக் குடுத்தா?"

ஆயினும் எஞ்சிய பாக்கிலிருந்து ஒரு பெரிய காரியம் கூடிவந்தது. கோயில் திருவிழா தேர்ப் பவனிக்காக வாத்தியக் குழுவினர் புதிதாக வெள்ளைக் கோட்டுகள் தைத்தார்கள். அத்தனை கோட்டுக்கும் பொத்தான் துரையுடையதாக இருக்கட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். ஒரு கூட்டம், ஒருவர் விடாமல்! திருவிழா நாளில் துரை கோயில் வாசலில் பஞ்சு டப்பாவும் ஊசியும் நூலுமாக நின்றார். முடிச்சை அப்போதே தளர்த்தி வைத்திருந்தார்.

குழு வாசித்தபடி வெளியே வந்தது. பினாங்கு மழையும் வந்தது.

சலவைக்காரர் கோட்டுகளை, சுண்ணாம்பைப் போலவே பாக்கைச் சிவக்க வைக்கும் சோடா உப்பில் தாராளமாக அலசியிருக்க வேண்டும். ஈரம் பட்டதும் ஒவ்வொரு பாக்குப் பொத்தானிலிருந்தும் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. முதலில் தாரை ஊதுகிறவரின் நெஞ்சில். பிறகு எல்லார் நெஞ்சிலும். கூட்டத்தில் ஒருத்தி, "இரத்தம்! மாதாவே, புதுமை!" என்று அலறி முழந்தாளிட்டாள். பின்னால் வந்தவர்களும் சேற்றில் முழந்தாளிட்டார்கள். பெரிய முரசு அடிப்பவர் குனிந்து தம் மார்பைப் பார்த்தார். தாம் இறந்துவிட்டதாக முடிவு செய்து முரசின்மேல் சாய்ந்தார். சாமியார் குடையோடு ஓடிவந்து ஒரு பொத்தானைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பி, மிகுந்த சிரமத்தோடு அறிவித்தார்: "பிள்ளைகளே, எழுந்திருங்கள். இது பாக்கு."

துரை தளர்த்திய முடிச்சைத் திரும்ப இறுக்கிக்கொண்டு மழையிலேயே வீட்டுக்கு நடந்தார். ஊர் அன்று சிரித்த சிரிப்பில் நானும் பங்கெடுத்தேன். மாலையில் கீழ்த்தளத்தில் சக்கரச் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனித்த பிறகு, சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாரமே கட்டடச் சொந்தக்காரரான சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, வந்தார். வாடகையை உயர்த்தப் போவதாகச் சொன்னார். அதோடு ஒரு வழியும் காட்டினார். அவருக்கு மங்கு வெட்டும் இடம் ஒன்று வேண்டும். ரம்பம் துரையிடம் இருக்கிறது. சிரட்டை அவர் தருவார். துரை பொத்தானை விட்டுவிட்டு மங்கு வெட்டினால் இரண்டு பேரும் பணக்காரர் ஆகலாம்.

நாங்கள் எல்லாரும் வற்புறுத்தினோம். "அண்ணே, மங்கும் சிரட்டைதானே? உங்க கை பட்ட பொருள்தானே?" என்றார் என் கணவர்.

"பொத்தானை ஒருத்தன் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னால நிப்பான் தம்பி. மங்கு முன்னால யாரு நிப்பா?"

தவுக்கேயிடம் முன்பாதியை ஒப்படைத்துவிட்டுப் பின்பாதிக்கு அவர் ஒதுங்கினார். நடுவே பலகைத் தடுப்பு வந்தது. முன்னால் தவுக்கேயின் ஆட்கள் மங்கு வெட்டினார்கள். பின்னால் துரை, அறுப்பதற்கு ஒன்றுமில்லாமல் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இனி மூடுவதுதான் பாக்கி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் ஒரு பிற்பகலில் அந்தோணியம்மாள் முந்தானை நிறையச் சிரட்டையை அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் கொட்டினாள். எல்லாம் அரைச் சிரட்டைகள். எல்லாவற்றிலும் மூன்று கண்கள்.

"முன்னால குப்பையில கிடந்தது. கண்ணு இருக்கிற பாதி மங்குக்கு ஆகாதாம், பால் ஒழுகிடுமாம். தூக்கி எறியறானுங்க. எடுத்துக்கவான்னு கேட்டேன். பூச்சி மாதிரி பார்த்துட்டு எடுத்துக்கோன்னுட்டான்."

துரை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன்பின் அவர் சிரித்த சிரிப்புக்குத் தடுப்புக்கு அப்பால் வேலையே நின்றுபோயிற்று.

"ரப்பருக்கு வேண்டாத பாதி எனக்கா! டீச்சரம்மா, வந்து பாருங்க. கடவுளே மூணு துளை போட்டுக் குடுத்துட்டாரு. நாலாவது துளைக்குத்தான் அந்தோணி!"

"அதுக்குச் சம்பளத்துல முக்கால்வாசியைப் பிடிச்சுக்காதீங்க," என்றாள் அவள்.

இப்படியாக, தன்னை நசுக்கிய ரப்பரின் மிச்சத்தை அறுத்துக்கொண்டே அந்தப் பட்டறை பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. லாபம் என்று சொல்வதற்கில்லை. கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் சீமைப் பொத்தான்கள் வீற்றிருந்தன. துரையின் பொத்தான்கள் சந்தையில் உப்புக்கும் புளிக்கும் நடுவே கோணிமேல் கிடந்தன. ரப்பர் விலை இடையில் விழுந்தது, எழுந்தது, மீண்டும் விழுந்தது. கயிறு இற்றுப்போகும்போதெல்லாம் புதுக் கயிறு கட்டிக்கொண்டார்.

கடைசியாக விழுந்தபோது ரப்பர் விலை எழவில்லை. தவுக்கே முன்பாதியைப் பூட்டிக்கொண்டு போனார். என் கணவரின் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது, அவரும் குறைந்தார். வேறு வேலை தேடலாமென்றால் எங்கே போவது? கொல்லரிடம் பால்வெட்டும் கத்தியைத் தவிர வேறெதுவும் இல்லை. தச்சரிடம் ரப்பர் பெட்டியைத் தவிர வேறெதுவும் இல்லை. ரப்பரை நம்பி மற்றதையெல்லாம் மறந்திருந்த ஊரில், சத்தம் கேட்ட பட்டறை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஒரு காலையில் என் கணவர் கீழே இறங்கிப்போய் நின்றார். துரை வழக்கம்போல அவர் நெஞ்சைப் பார்த்தார். கிளிஞ்சல் பொத்தான்கள் பாதி உதிர்ந்திருந்தன.

"உக்காருங்க கிராணியாரே. மிதிக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பழைய பேச்சை எடுக்கவில்லை.

தோட்ட வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட நம் மக்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கப்பலுக்குக் காத்து, துறைமுகத்தருகே கொட்டகைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். துரை ஒருநாள் அந்த வழியாகப் போய்விட்டு வேர்க்க வேர்க்க ஓடிவந்தார்.

"அந்தோணி! கிராணியாரே! இருக்கிற பொத்தானை எல்லாம் கட்டுங்க. டீச்சரம்மா, ஊசி இருக்கிற பொம்பளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. அங்க ஒருத்தன் சட்டையிலகூடப் பொத்தான் இல்லை. முள்ளைக் குத்தி வச்சிருக்கான்!"

போனோம். கொட்டகை நெடுக உட்கார்ந்து தைத்தோம். துரை ஒவ்வொருவராக நிற்கவைத்துத் தாமே தைத்தார். ஒருவர் கூச்சத்தோடு பின்வாங்கினார்.

"ஐயா, என்கிட்டக் காசு இல்லீங்க."

"காசா கேட்டேன்? நெஞ்சை நிமித்து. சட்டை திறந்து கிடக்க ஊர்ல போய் இறங்கினா என்ன நினைப்பாங்க? பினாங்குல ஒரு பொத்தான்கூடக் கிடைக்காதுன்னு நினைப்பாங்க. எனக்கில்ல மானம் போகும்?"

அந்த மனிதர் தைத்து முடிந்த பொத்தானை விரலால் தடவிப் பார்த்தார். "இது சிரட்டை இல்லீங்களா? இத்தனை வருசமும் நான் சிரட்டை மங்குலதாங்க பால் எடுத்தேன்."

"அதோட மறுபாதி இது," என்றார் துரை. "வச்சுக்கோ."

முடிவில் சில பொத்தான்கள் குறைந்தன. துரை ஒரு கணமும் யோசிக்காமல் கோட்டுப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தார். பஞ்சுக்குள் அத்தனை ஆண்டுகள் இருந்தவற்றை ஒரு சிறுவனின் சட்டைக்கும் அவன் தந்தையின் சட்டைக்கும் தைத்துவிட்டார். அந்தோணியம்மாள் காலி டப்பாவை எடுத்து மூடி, அவர் பையிலேயே திரும்பப் போட்டாள்.

கப்பல் வந்தது. அவர்கள் வரிசையாக ஏறினார்கள். ஒருவர் விடாமல், கழுத்துவரை பூட்டிய சட்டைகள்; எல்லாவற்றிலும் வெயில் பட்டு மின்னும் கரும்பழுப்புப் பொத்தான்கள். அத்தனை பெரிய கூட்டத்தை அவர் கனவிலும் கேட்டிருக்கமாட்டார். அன்றுதான் அவர் மனிதர்களின் முகங்களை அண்ணாந்து பார்த்ததைக் கண்டேன். கப்பல் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது கயிறு அப்படியே இருந்தது. "அண்ணே, கூட்டத்தைப் பார்த்துவிட்டீர்களே. பொருத்தனை நிறைவேறிவிட்டதே. புதுப் பொத்தான் செய்யக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் டீச்சரம்மா," என்றார். சற்று நடந்தபின், "அந்தக் கூட்டம் கப்பலேறிப் போயிடுச்சே," என்றார்.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. என் கணவர் மிதிக்கும் சக்கரத்தில் பொத்தான்கள் கொஞ்சம் கோணலாகவே வருகின்றன. துரை அவற்றைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், ஆனாலும் எடுத்துக்கொள்கிறார். அந்தோணியம்மாள் இன்னும் திட்டுகிறாள். அவருடைய விரல்கள் நடுங்குவதால் ஞாயிறு காலையில் பூசைக்குப் புறப்படுமுன் நான் கீழே இறங்கிப் போகிறேன். அவர் வழக்கம்போலக் கண்களைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறார். கோட்டின் இரு ஓரங்களையும் சேர்த்து, அந்தக் கயிற்றை நான்தான் முடிச்சிடுகிறேன். காற்று புகாதபடி, கொஞ்சம் இறுக்கமாகவே.